உடம்புக்கும் மனசுக்கும் ஒத்துவரும் வீடு: சென்னையில் வாடகைக்கு வீடு தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் டைல்ஸ், மாடுலர் கிச்சன், கார் பார்க்கிங், வாடகை, அட்வான்ஸ் இவற்றைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அங்கே ராத்திரி தூக்கம் வருமா, மே மாதம் மத்தியானம் உள்ளே உட்கார முடியுமா, மழைக்காலத்தில் குழந்தைக்கு இளைப்பு வருமா, சமைக்கிறவருக்கு மூச்சு முட்டுமா என்பதெல்லாம் குடியேறிச் சில மாதம் கழித்துத்தான் தெரிகிறது. அதற்குள் அட்வான்ஸும் போய், பள்ளிக்கூடமும் மாற்றியாகியிருக்கும். வீடு தேடும்போது நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே சேர்த்திருக்கிறேன். சென்னையையும் வாடகைக்குப் போகிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது, சொந்தமாக வாங்குபவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

வீடு பார்க்க எந்த நேரத்தில் போகணும்?

புரோக்கர் காலை பத்து மணிக்குக் கூட்டிப்போவார், அல்லது ஞாயிற்றுக்கிழமை. அந்த நேரத்தில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும், தெருவும் அமைதியாக இருக்கும். பிடித்திருந்தால் சரி, டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு முறை போங்கள், இந்த முறை வீட்டுக்குச் சாதகமில்லாத நேரத்தில். மத்தியானம் மூன்று, நான்கு மணிக்கு ஒரு முறை உள்ளே போய் மின்விசிறி போடாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் புரோக்கர் இல்லாமல் தெருவில் நின்று பாருங்கள்: தெருவிளக்கு எரிகிறதா, நாய்கள் எத்தனை, பக்கத்தில் ஏதாவது பட்டறை ஓடுகிறதா. மழை பெய்தால் விடாதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேற்குப் பக்கம் படுக்கையறை இருந்தால் அவ்வளவு மோசமா? ஏசி போட்டால் போச்சு இல்லையா?

தூக்கத்துக்கு மோசம்தான். 9 அங்குலச் செங்கல் சுவர் வெயிலின் சூட்டை உடனே உள்ளே விடாது, இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை வாங்கியதைப் பிடித்துவைத்துக்கொண்டு பல மணி நேரம் கழித்துத்தான் உள்பக்கம் விடும். அதாவது நீங்கள் படுக்கப் போகும் ஒன்பது, பத்து மணிக்குத்தான் உள்சுவர் நன்றாகச் சுடும். தூக்கம் வர உடம்பின் சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் வியர்வையும் சீக்கிரம் காயாது, பக்கத்தில் சுவரும் அனலடித்தால் உடம்பு எப்படி ஆறும்? ஏசி போட்டால் சமாளிக்கலாம், ஆனால் அது அறையோடு சேர்த்துச் சுவரையும் குளிர்விக்க வேண்டியிருப்பதால் கோடையில் ஈபி பில் எகிறும். கரண்ட் போன ராத்திரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சோதிப்பது சுலபம். சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள், அப்புறம் கிழக்குச் சுவரில் வையுங்கள். கைக்கே வித்தியாசம் தெரியும். மேற்கில் குளியலறை, மாடிப்படி, ஸ்டோர் ரூம் இருந்தால் அவை வெயிலை வாங்கிக்கொள்ளும், படுக்கையறை தப்பித்துவிடும். மேற்குப் பக்கம் உயரமான கட்டிடம் ஒட்டி நிற்பதை 'வியூ இல்லை' என்று பலர் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அது ஒரு நல்ல குடை.

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு வாடகை குறைவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

யார் குடியிருக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பகலெல்லாம் வெளியே வேலை, மாடியில் காற்று வாங்கப் பிடிக்கும், தலைக்கு மேல் யாரும் நாற்காலி இழுக்காமல் இருந்தால் போதும் என்கிறவர்களுக்குச் சரிவரும். கைக்குழந்தை, வயதானவர்கள், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் யோசிக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் எடுக்கவே வேண்டாம் என்பேன், கத்திரி வெயிலில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே பகல் தூக்கம் நடக்காத காரியம். மின்விசிறி வேறு மேலே தேங்கிய சூட்டைத்தான் கீழே தள்ளும். மாடிக்குப் போய்த் தரையைப் பாருங்கள்: தட்டோடு பதித்திருக்கிறார்களா, வெள்ளை கூல் டைல்ஸோ வெள்ளைப் பூச்சோ இருக்கிறதா, இல்லை வெறும் சிமென்ட்தானா. அப்படியே கீழே வந்து கூரையின் மூலைகளில் மஞ்சள் கறை தெரிகிறதா என்றும் பாருங்கள், தெரிந்தால் மழைக்கு ஒழுகுகிற வீடு.

வாஸ்து பார்க்கணுமா? தெற்குப் பார்த்த வீடு வேண்டாம் என்று அம்மா சொல்கிறார்.

அம்மாவின் மனசு நிம்மதியும் ஒரு காரணம்தான், அதை உதறிவிட்டுப் போய் தினமும் வீட்டில் சங்கடப்படச் சொல்ல மாட்டேன். ஆனால் சென்னையின் வெயிலையும் காற்றையும் வைத்துப் பார்த்தால் தெற்கு ஜன்னலைத் தள்ளிவிட ஒரு காரணமும் இல்லை. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும், அதனால் கொளுத்தும் மாதங்களில் தெற்குச் சுவரில் நேர் வெயில் அநேகமாகப் படாது. கோடையில் பிற்பகலில் வரும் கடல்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது, அதைப் பிடிக்க தெற்கிலும் கிழக்கிலும் ஜன்னல் இருந்தால் நல்லது. தெற்கு வாசல் வேண்டாம் என்று பலர் ஒதுக்குவதால் சில இடங்களில் பேரம் பேசவும் வழி இருக்கிறது. வாசல் எந்தப் பக்கம் என்பதைவிட ஜன்னல்கள் எந்தப் பக்கம் என்று அம்மாவோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

காற்றோட்டம் நல்லா இருக்கு என்று ஓனர் சொல்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு ஊதுபத்தி எடுத்துப்போங்கள். எல்லா ஜன்னலையும் திறந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஹால் நடுவில் ஏற்றி வையுங்கள். புகை நேராக மேலே போய்ப் பரவி நின்றால் காற்று ஓடவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து ஜன்னலைத் தேடிப் போனால் ஓடுகிறது. காற்று வர ஒரு வழி, போக இன்னொரு வழி வேண்டும், ஒரே சுவரில் மூன்று ஜன்னல் இருந்தும் பயனில்லை. ஸ்லைடிங் ஜன்னல் என்றால் பாதிதான் திறக்கும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடிகளில் ஓடிஎஸ் என்று ஒரு குறுகிய இடைவெளி விட்டிருப்பார்கள். எல்லா வீட்டுக் குளியலறை ஜன்னலும் அதில்தான் திறக்கும், சில கட்டிடங்களில் சமையலறை ஜன்னலும் படுக்கையறை ஜன்னலும்கூட. அதில் தலையை நீட்டி மேலேயும் கீழேயும் பாருங்கள், மூக்கையும் உபயோகியுங்கள். படுக்கையறைக்கு இருக்கும் ஒரே ஜன்னல் அந்த ஓட்டைக்குள் திறக்கிறது என்றால், நான்கு வீட்டுக் குளியலறை ஈரத்தையும் தாளிப்பு வாசனையையும் சுவாசித்துக்கொண்டு தூங்கப் போகிறீர்கள் என்று அர்த்தம். இப்படிப்பட்ட வீட்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை.

புதுசா பெயின்ட் அடித்துக் கொடுக்கிறார்கள். அப்புறம் என்ன பார்க்க இருக்கு?

பெயின்ட் அடித்த வீட்டைத்தான் கூடுதல் கவனமாகப் பார்க்க வேண்டும், சுவர் ஓதத்தை மறைக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. தரையை ஒட்டி இரண்டு அடி உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். பெயின்ட் கொப்புளம் போல உப்பியிருக்கிறதா, விரலால் தேய்த்தால் வெள்ளை மாவு போல உப்பு உதிர்கிறதா, அந்தப் பகுதியில் மட்டும் பட்டி புதிதாகப் பூசியிருக்கிறதா? குளியலறைக்குப் பின்சுவர் எந்த அறையில் வருகிறதோ அதைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் சுவரில் பதித்த அலமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள். பெயின்ட் வாடை அறையில்தான் இருக்கும், பூட்டியே கிடந்த அலமாரிக்குள் பூஞ்சை வாசனை அப்படியே தங்கியிருக்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், ஓதமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் மற்ற மூச்சுக் கோளாறுகளும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நம் ஊரில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, துணி காயாது, சுவரும் காயாது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் குழந்தைக்கு நெபுலைசர் வைக்க ஓடுகிற குடும்பங்களில் சிலருக்காவது வீட்டைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பழைய வீட்டில் பெயின்ட் உரிந்து தொங்கினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு உதிரும் இடத்தில் தவழும் குழந்தையை விட வேண்டாம், குடியேறும் முன்பே சரிசெய்து தரச் சொல்லுங்கள், அதையும் காய்ந்தபடி சுரண்டித் தூசி கிளப்பாமல் நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள்.

வெள்ளம் வரும் இடமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் எல்லோரும் 'இங்கெல்லாம் தண்ணி நிக்காது' என்கிறார்களே!

ஓனரிடமும் புரோக்கரிடமும் கேட்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவர், மளிகைக் கடைக்காரர், பக்கத்து வீட்டு வாட்ச்மேன், அங்கே வீட்டுவேலை செய்யும் அக்கா, இவர்களிடம் கேளுங்கள். கேள்வியையும் மாற்றுங்கள். "தண்ணி நிக்குமா?" என்றால் இல்லை என்று வரும். "2015 டிசம்பர்ல எதுவரைக்கும் வந்துச்சு? 2023 மிக்ஜாம் புயலப்போ எத்தனை நாள் கரண்ட் இல்ல?" என்று கேட்டால் கையாலேயே முழங்கால், இடுப்பு என்று காட்டுவார்கள்.

கண்ணாலும் பார்க்கலாம். ஈபி மீட்டர் பெட்டி வழக்கத்தைவிட உயரத்தில் மாற்றிப் பொருத்தப்பட்டிருக்கும். தண்ணி மோட்டார் மேடை கட்டி அதன்மேல் இருக்கும். கடைகளின் வாசற்படி புதிதாக உயர்த்தப்பட்டிருக்கும். பழைய காம்பவுண்டுச் சுவரில் ஒரே உயரத்தில் மங்கலான கோடு ஓடும். தெரு உயர்ந்து, வீட்டு வாசல் பள்ளத்தில் கிடந்தால் மழைநீர் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஊரின் பழைய வரலாறும் உதவும். தியாகராய நகர் 1920களில் உருவானது நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டிருந்த பெரிய ஏரியின் மேல்தான், வள்ளுவர் கோட்டம் இருப்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். தெற்கே பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, ஆனால் அதற்குள் அதன் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது, அந்தச் சுற்றுவட்டாரமும் வேளச்சேரியும் மழைக்கு மழை தண்ணீரில் நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இங்கெல்லாம் குடியிருக்கவே கூடாது என்று சொல்லவில்லை, லட்சக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். போனால் முதல் மாடிக்கு மேல் போங்கள், வண்டியை எங்கே ஏற்றி நிறுத்துவது என்று முன்பே பார்த்துவையுங்கள். ஒருமுறை ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் உள்ளே வந்து வெளியேறியவர்கள் அடுத்த பல வருடம் ஒவ்வொரு மழைச் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்வதை நேரில் பார்த்திருக்கிறேன். நனைந்த சாமானை மறுபடி வாங்கிவிடலாம், அந்தத் தூக்கம் திரும்ப நாளாகும்.

தண்ணீர் விஷயத்தில் என்னென்ன கேட்கணும்?

மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, போர் தண்ணீர் எப்படி, மே மாதம் எத்தனை லாரி வாங்குகிறார்கள், அந்தச் செலவை யார் பிரித்துக் கொடுக்கிறார்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, நகரமே குடத்தோடு நின்றதை மறந்துவிடக் கூடாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, குழாய்த் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை. இரண்டாயிரத்தைத் தாண்டிய உப்புத் தண்ணீரில் தினம் குளித்தால் தோல் அரிப்பும் முடி உதிர்வதும் பற்றிப் புகார் சொல்லாதவர்களை நான் பார்த்ததில்லை.

மேல்நிலைத் தொட்டிக்கும் சம்புக்கும் சரியான மூடி இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசு கிணற்றிலும் மாடித் தொட்டியிலும்தான் முட்டையிடும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸும் நல்ல தண்ணீரைத்தான் தேடும்.

சத்தம் பழகிவிடும் என்கிறார்களே?

பழகியது போலத் தோன்றும், ஆனால் தூங்கும்போதும் காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும், விழிக்காவிட்டாலும் தூக்கத்தின் ஆழம் குறையும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்பது 2000ஆம் வருட ஒலி மாசு விதி. போனில் இருக்கும் செயலி துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டு வீட்டை ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். கல்யாண மண்டபம், மதுக்கடை, பேருந்து நிலையம், ஜெனரேட்டர் வைத்த கடை பக்கத்தில் உண்டா? மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலை நடக்கும் சாலையா? அப்புறம் யாரும் பார்க்காத ஒன்று, தண்ணி மோட்டார். காலை ஐந்தரைக்கு அது படுக்கையறைக்கு நேர் கீழே உறுமினால் வீட்டோடு சேர்ந்து நீங்களும் எழுந்துகொள்ள வேண்டியதுதான்.

வீட்டை யார் பார்த்து முடிவு செய்வது நல்லது?

அதிக நேரம் வீட்டுக்குள் இருக்கப் போகிறவர். நம் குடும்பங்களில் இது தலைகீழாக நடக்கிறது. ஆண்கள் புரோக்கரோடு பைக்கில் போய்ப் பார்த்து டோக்கன் கொடுத்துவிட்டு வருகிறார்கள், சமைக்கிறவரும் துணி துவைக்கிறவரும் பால் காய்ச்சும் அன்றுதான் வீட்டைப் பார்க்கிறார். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். நாளைக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஒருவர் நிற்கப் போகிற சமையலறையில் ஜன்னல் எங்கே, எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா இல்லை ஓடிஎஸ்ஸுக்குள் தள்ளி அதே புகை திரும்ப வருகிறதா, மேடை அவர் உயரத்துக்குச் சரியா, குனிந்தபடியே நறுக்கினால் சாயங்காலம் முதுகு என்ன ஆகும் என்பதை அவர் அங்கே நின்று பார்க்காமல் யாரால் சொல்ல முடியும்? சமையலறை வீட்டின் கடைசி மூலையில் இருட்டாக இருந்தால் மற்றவர்கள் ஹாலில் சிரித்துப் பேசும்போது அவர் மட்டும் தனியாகப் புழுக்கத்தில் நிற்பார். இது சின்ன விஷயம் இல்லை. அவரை அழைத்துப்போங்கள், அவர் வேண்டாம் என்றால் அந்த வீடு வேண்டாம்.

ஹவுஸ் ஓனர் கீழ் வீட்டிலேயே இருக்கிறார். பரவாயில்லையா?

நல்ல மனிதர்கள் என்றால் அதைவிடப் பாதுகாப்பு வேறு இல்லை, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வருவார்கள். அப்படி இல்லை என்றால் சொந்த வீட்டிலேயே பூனை நடை நடக்க வேண்டிவரும்: யார் வந்தார்கள், ஏன் இவ்வளவு நேரம் விளக்கு எரிகிறது, எத்தனை பக்கெட் தண்ணீர். முன்பு குடியிருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று விசாரிப்பதுதான் வழி, முடிந்தால் அவர்களிடமே. தனி ஈபி மீட்டரா, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வாங்குகிறாரா என்பதையும் கேளுங்கள், சண்டைகள் அங்கேதான் ஆரம்பிக்கும்.

எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம் போடுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வீட்டுக்குள் வர ஓனர் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை, ஆனாலும் சட்டத்தைச் சொல்லிப் பேசினால் பலர் இறங்கி வருகிறார்கள்.

'வெஜ் மட்டும்', 'பேச்சிலருக்கு இல்லை', 'நீங்க என்ன ஆளுங்க' என்றெல்லாம் கேட்கிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மனசு கனக்கிறது. சாதியைக் கேட்டும் மதத்தைக் கேட்டும் தனியாக இருக்கும் பெண் என்றும் வீடு மறுப்பது இந்த நகரத்தில் இன்றும் சாதாரணமாக நடக்கிறது, படித்தவர்கள் நிறைந்த தெருக்களிலும் நடக்கிறது. கிடைத்தால் போதும் என்று பொய் சொல்லிப் போகச் சிலர் யோசனை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். மீன் வறுக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பெயரைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டு, தோழி வந்தால் பதற்றப்பட்டுக்கொண்டு வாழ்வது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆளைத் தின்னும். போனிலேயே உங்கள் விவரத்தைச் சொல்லிவிடுங்கள், மறுப்பவர்கள் அங்கேயே மறுக்கட்டும், வாசலில் நின்று கேட்டுத் திரும்புகிற வலியாவது மிச்சம். உங்களைப் போன்றவர்கள் ஏற்கெனவே குடியிருக்கும் கட்டிடத்தை அவர்கள் மூலமாகவே தேடுங்கள். குறை உங்களிடம் இல்லை.

வயதான அப்பா, அம்மா கூட இருக்கிறார்கள்.

முதலில் குளியலறையைப் பாருங்கள். பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டு, வாசலில் நிலைப்படி உயரமாக இருந்தால் விழுவதற்குத் தயாராக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கைப்பிடிக் கம்பி பொருத்த ஓனர் சம்மதிப்பாரா என்று முன்பே கேளுங்கள். கதவு உள்பக்கமாகத் திறப்பதா என்று பாருங்கள். உள்ளே மயங்கி விழுந்தால் ஆள் கதவை அடைத்துக் கிடப்பார், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு அல்லது வெளியிலிருந்தும் திறக்கக் கூடிய தாழ்ப்பாள் வேண்டும். லிஃப்ட் இருந்தால் கரண்ட் போனாலும் ஓடுமா, ஸ்ட்ரெச்சர் நுழையுமா?

இதோடு முடியவில்லை. ஊரில் திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களோடு பேசிப் பழகிய அப்பாவைக் கொண்டுவந்து ஏழாவது மாடியில் வைத்தால், சாப்பாடும் மாத்திரையும் நேரத்துக்குக் கொடுத்தாலும் அவர் வாடிப்போவார். பயப்படாமல் தனியாக நடந்து போகும் தூரத்தில் ஒரு கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, பார்க் பெஞ்சோ, டீக்கடையோ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது படுக்கையறையைவிட அது முக்கியம்.

குழந்தைகளுக்கு?

பால்கனிக் கம்பிகள் குறுக்கு வாட்டில் இருந்தால் ஏணி போல ஏறிவிடுவார்கள், நெடுக்கு வாட்டில் இருப்பதே நல்லது. கம்பி வலை போட்டு முழுசாக அடைத்த வீட்டில் தீ விபத்துக்கு வெளியேற ஒரு வழியாவது திறக்கும்படி இருக்க வேண்டும். தெருவில் மற்ற குழந்தைகள் விளையாடுகிறார்களா என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நின்று பாருங்கள், அதற்குமேல் இதில் பெரிய ரகசியம் இல்லை.

ஆபீஸுக்குத் தூரமாகப் போனால் வாடகை குறைகிறது. போகலாமா?

காசு கணக்கோடு நேரக் கணக்கையும் போடுங்கள். போக 40 நிமிடம், வர 40 நிமிடம் கூடினால் மாதம் 24 வேலை நாளில் 32 மணி நேரம். அது தூக்கத்திலிருந்தும் குழந்தையோடு இருக்கும் நேரத்திலிருந்தும்தான் போகும். ரயிலில் உட்கார்ந்து போகிற 40 நிமிடமும் ஓஎம்ஆரில் பைக்கில் புகை குடித்துக்கொண்டு போகிற 40 நிமிடமும் ஒன்றல்ல, அதனால் புறநகர் ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ ஏதாவது ஒரு நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் தேடினால் கொஞ்சம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. வாடகையோடு பராமரிப்புக் கட்டணம், லாரித் தண்ணீர், கோடை ஈபி, பெட்ரோல் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மாசக் கடைசியில் கடன் கேட்க வைக்கும் வீடு எவ்வளவு காற்றோட்டமாக இருந்தும் உள்ளே நிம்மதியாக இருக்க முடியாது.

ஜன்னலில் மரம் தெரிவதற்காக வாடகை கூடக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலுவான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனால் பார்வையில் பச்சை இருப்பது உடம்புக்கும் ஏதோ செய்கிறது என்பதை அதற்குப்பின் பலரும் பார்த்திருக்கிறார்கள். கடற்கரை வியூ வேண்டியதில்லை, ஒரு வேப்பமரமோ புங்கமரமோ போதும், நிழலும் தரும். அதோடு காலை வெளிச்சம் விழும் ஜன்னல் ஒன்று இருந்தால் எழுந்ததும் அங்கே போய் நில்லுங்கள், ராத்திரி நேரத்துக்குத் தூக்கம் வர அது உதவும்.

மனச்சோர்வு இருக்கிறது. வீடு மாற்றினால் சரியாகுமா?

இருட்டும் சத்தமும் சண்டையும் உள்ள வீட்டிலிருந்து வெளியேறினால் பாரம் குறையும், ஆனால் மனச்சோர்வு ஒரு நோய், அதற்கு மருத்துவம் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழில் பேசலாம். சோர்வு கடுமையாக இருக்கும்போது வீடு மாற்றும் வேலையைத் தனியாகத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பேக்கிங், ஈபி, பள்ளிக்கூடம் என்று அதுவே ஆளைச் சாய்த்துவிடும், கூட யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு வீடு மாற்ற வழியில்லை. இருக்கும் வீட்டில் என்ன செய்யலாம்?

நிறைய. மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டியோ பச்சை வலையோ கட்டுவது பல மடங்கு பலன் தரும், வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிடும். மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டில் போடாமல் அங்கே பீரோவை நகர்த்துங்கள், சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி விட்டு. மேல் மாடி வீடு என்றால் பங்குனிக்கு முன்னால் மொட்டை மாடித் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க ஓனரிடம் கேளுங்கள், செலவைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளலாம் என்றால் பெரும்பாலும் சரி என்பார். குளித்து முடித்ததும் குளியலறைத் தரையை வைப்பரால் தள்ளிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை அரை மணி நேரம் ஓட விடுங்கள். மழைக்காலத்தில் ஈரத்துணியைப் படுக்கையறையில் மட்டும் காயப்போட வேண்டாம்.